குரலும் அதன் சுற்றமும்

இசை மொழி கடந்தது என்பர். கேட்டு மகிழ்வதற்கு அது பொருந்தும். ஆனால் ஓர் ஒலி ஏன் இனிக்கிறது, ஒலிகளுள் எது முதல், எது துணை, எது பகை என்று ஆராயப் புகுந்தால் அப்போது மொழி வேண்டும். அதற்குரிய சொற்கள் வேண்டும். அச்சொற்களைப் படைத்துக் கொண்ட இனம் தன் இசையைத் தானே அறிந்த இனமாகும். படைத்த சொற்களை மறந்துவிட்ட இனம், தன் வீட்டுப் பொருளையே அயலார் கடையில் விலை கேட்டு நிற்கும்.

பெங்களூரில் நீலசந்திராவும் அதனை அடுத்துள்ள ஆஸ்டின் டவுன், விவேக் நகர் ஆகிய பகுதிகளும் தமிழர் நிறைந்து வாழும் இடங்கள். ஒரு தெருவில் அம்மன் திருவிழாவிற்கு நாகசுரமும் தவிலும் முழங்கும். அடுத்த தெருவில் தேவாலயப் பாடற்குழு கிட்டாருடன் பாடிப் பழகும். இங்குள்ள இளைஞர்களுள் கிட்டாரோ கீபோர்டோ கற்பவர் பலர். முதல் வாரத்திலேயே ஆசிரியர் அவர்களுக்கு இரண்டு சொற்களைக் கற்பிப்பார். ஒன்று ‘ரூட்’, மற்றொன்று ‘மேஜர் கார்ட்’. இவ்விரண்டும் மேலைநாட்டார் கண்டவை, இவற்றுக்கும் தமிழுக்கும் தொடர்பில்லை என்று மாணவர் எண்ணிக் கொள்கின்றனர். மறுபுறம், மேலைநாட்டு இசை முழுவதும் இங்கிருந்தே சென்றது என்று மேடையில் முழங்குவோரும் உளர். இவ்விரு கருத்துக்கும் இடையே உண்மை எங்கே நிற்கிறது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரக்கூட்டு என்பது யாது?

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஆர்மோனியத்தில் ஒரு மண்டிலத்துக்கு, அதாவது ஒரு ஸ்தாயிக்கு, வெள்ளையும் கறுப்புமாக 12 கட்டைகள் உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சட்சமாகக் கொள்க. அதனை விடுத்து மேல்நோக்கி எண்ணி 4-ஆம் கட்டையை அழுத்தினால் அந்தர காந்தாரம். 7-ஆம் கட்டையை அழுத்தினால் பஞ்சமம். இம்மூன்றையும் ஒருசேர ஒலித்தால் மலர்ச்சியும் உறுதியும் உடைய ஒரு கூட்டொலி பிறக்கும். இதுவே மேலையிசையில் மேஜர் கார்ட் எனப்படும் பெருஞ்சுரக்கூட்டு. 4-ஆம் கட்டைக்கு மாறாக 3-ஆம் கட்டையை, அதாவது சாதாரண காந்தாரத்தை வைத்தால் ஒலியில் ஒரு சோகம் படரும். அது சிறுசுரக்கூட்டு.

இக்கூட்டு எந்தச் சுரத்தின்மீது எழுந்ததோ அதுவே அதன் அடிச்சுரம். மேலையார் வேர் என்று பொருள்படும் சொல்லால் அதனைக் குறிப்பர். மூன்று சுரங்களையும் வரிசை மாற்றி, காந்தாரத்தைக் கீழேயும் சட்சத்தை மேலேயும் வைத்தாலும் அடிச்சுரம் சட்சமே. இடம் மாறினும் உரிமை மாறுவதில்லை. அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் ‘பார்வை’ என்று ஒரு வரி இருக்கும். கீழே எழுதியது அனைத்தும் அவ்வரியில் குறித்த முந்தைய கடிதத்தைக் கொண்டே பொருள்படும். அடிச்சுரமும் அத்தகையதே. மற்றச் சுரங்கள் அனைத்தும் அதனை நோக்கியே தம் பொருளைப் பெறுகின்றன.

சிலம்பு தரும் கணக்கு

நம் பழந்தமிழர் ஏழு சுரங்களுக்கு வைத்த பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, வேனிற் காதை, ஆய்ச்சியர் குரவை ஆகிய பகுதிகளும், அவற்றுக்கு அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்கு நல்லாரும் வரைந்த உரைகளும் இவ்விசையிலக்கணத்தின் கருவூலமாக விளங்குகின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1892-ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையுடன் பதிப்பித்திராவிடில் இன்று இவ்வாராய்ச்சிக்கே இடமிராது.

ஏழு சுரங்களுக்கும் பழையோர் அலகு வகுத்தனர். குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2. ஆக மொத்தம் 22. ஒவ்வொரு சுரத்தின் அலகும் அதற்கு முந்திய சுரத்திலிருந்து அதன் உயரத்தைக் காட்டுவதாகக் கொண்டால், குரலிலிருந்து கைக்கிளை 4-உம் 3-உமாக 7 அலகு உயரத்தில் நிற்கும். குரலிலிருந்து இளி 4, 3, 2, 4 என 13 அலகு உயரத்தில் நிற்கும். ஒரு மண்டிலத்தை 22 சம பங்காக்கி 7-ஆவது பங்கையும் 13-ஆவது பங்கையும் ஒலித்துப் பார்ப்பின், அவை முறையே அந்தர காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்கும் மிக நெருங்கி நிற்பதை உணரலாம். குரல், கைக்கிளை, இளி என்னும் மூன்றையும் ஒருங்கே ஒலித்தால் எழுவது கிட்டார் ஆசிரியர் முதல் வாரத்தில் கற்பிக்கும் அதே பெருஞ்சுரக்கூட்டேயாகும்.

இவ்விடத்தில் ஒரு கருத்து வேற்றுமையையும் சொல்லுதல் கடன். குரல் என்பது இன்றைய சட்சமா, மத்திமமா என்று அறிஞர் நெடுங்காலம் வழக்காடினர். வடமொழியில் பரதமுனிவர் தந்த அலகு வரிசையை மத்திமத்திலிருந்து எண்ணினால் 4, 4, 3, 2, 4, 3, 2 என அதே கணக்கு வருகிறது. ஆதலின் குரலை மத்திமமாகக் கொள்ள இடமுண்டு. எனினும் முதற்சுரமாக நின்று பண்ணைத் தாங்குவது என்னும் பொருளில் குரலைச் சட்சமாகக் கொள்வதே இன்று பெருவழக்கு. பெயர் எதுவாயினும் சுரங்களின் இடையே உள்ள தொலைவு மாறாது. நம் ஆய்வுக்கு அத்தொலைவே போதுமானது.

சுற்றமும் பகையும்

சுரங்களின் தொடர்பைக் குறிக்கத் தமிழர் ஆண்ட சொற்கள் வியப்புக்குரியவை. இணை, கிளை, பகை, நட்பு என்பன அவை. மேலையார் இன்னொலி, வன்னொலி என இரண்டாகப் பிரித்ததை நம்மவர் குடும்பமும் ஊரும் போல நால்வகை உறவாகக் கண்டனர்.

வேனிற் காதையில் இளங்கோவடிகள் இச்சொற்களை அமைத்துள்ள இடம் நினைத்தற்குரியது. கோவலன் ஊடிப் பிரிந்து சென்றுவிட்டான். இளவேனில் வந்துவிட்டது. மாதவி மேல்மாடத்தில் தனியே அமர்ந்து யாழைக் கையில் எடுக்கிறாள். முதலில் குரலையும் இளியையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கிறாள். பின்னர் இணை, கிளை, பகை, நட்பு என்னும் நான்கு நிலைகளையும் நரம்புகளில் ஆராய்கிறாள். தன் வாழ்வில் உறவு முறிந்து நிற்கும் ஒருத்தி, நரம்புகளிடையே உறவைத் தேடும் காட்சி அது. அதே வேளையில், யாழ் கூட்டும் முறைமையும் அதில் பிழையின்றிச் சொல்லப்பட்டுள்ளது. முதலில் அடிச்சுரம், அடுத்து அதன் ஐந்தாம் சுரம், அதன்பின்பே மற்றவை. இன்று தம்புரா கூட்டுவோர் செய்வதும் இதுவே.

இவ்வுறவுகளை எவ்வாறு எண்ணுவது என்பதில்தான் சிக்கல் எழுகிறது. நான்காவது நட்பு, ஐந்தாவது கிளை, மூன்றாவதும் ஆறாவதும் பகை என்பது உரைவழி வரும் கணக்கு. இதனை நரம்பால் எண்ணுவதா, பன்னிரண்டு வீடுகளால் எண்ணுவதா?

நின்ற நரம்பையும் சேர்த்து எண்ணினால், குரலுக்கு ஐந்தாவதான இளி கிளை. நான்காவதான உழை நட்பு. மூன்றாவதான கைக்கிளையும் ஆறாவதான விளரியும் பகை. அவ்வாறாயின் பெருஞ்சுரக்கூட்டின் நடுச்சுரமாகிய கைக்கிளையைப் பழந்தமிழர் பகையாகவே கருதினர் என்றாகும். இதனைக் கேட்டு வருந்த வேண்டியதில்லை. பைதகோரசின் வழிவந்த இடைக்கால ஐரோப்பாவிலும் எட்டாம் சுரம், ஐந்தாம் சுரம், நான்காம் சுரம் ஆகியவையே முழு இன்னொலிகள் எனப்பட்டன. மூன்றாம் சுரத்துக்கு அந்தத் தகுதி நெடுங்காலம் கிட்டவில்லை.

இனி, நின்ற வீட்டை விடுத்துப் பன்னிரண்டு வீடுகளில் எண்ணுவாரும் உளர். அவர்கள் கணக்கில் 4-ஆம் வீட்டு அந்தர காந்தாரம் நட்பு. 5-ஆம் வீட்டு மத்திமம் கிளை. 7-ஆம் வீட்டுப் பஞ்சமம் இணை. இக்கணக்கின்படி பெருஞ்சுரக்கூட்டு என்பது முதலும் அதன் நட்பும் அதன் இணையும் கூடிய கூட்டமாகிறது. பகையாக நிற்பவை 3-ஆம் வீடும் 6-ஆம் வீடும். 6-ஆம் வீடு பன்னிரண்டில் சரிபாதி. முதலுக்கும் சேராது, அடுத்த மண்டிலத்து முதலுக்கும் சேராது, நடுவே தவிப்பது. ஐரோப்பியரும் அவ்விடைவெளியை இசையில் புகுந்த பேய் என்று பெயரிட்டு ஒதுக்கினர். ஆயினும் 3-ஆம் வீட்டைச் சிறுசுரக்கூட்டின் நடுவே வைத்து அவர்கள் போற்றுகின்றனர். இங்கே இரு மரபும் பிரிகின்றன.

எண்ணும் முறை மாறினால் முடிவும் மாறிவிடுகிறது. ஆதலின் ஒரு கணக்கை மட்டும் எடுத்துக் கொண்டு, பழந்தமிழர் சுரக்கூட்டைக் கண்டறிந்தனர் என்று அடித்துச் சொல்வது ஆராய்ச்சி நெறியன்று. இரு கணக்கும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. ஒரு முதற்சுரத்தை நிறுத்தி, அதனின்று மற்றவற்றின் உறவை எண்ணால் அளந்தனர் என்பதே அது. அடிச்சுரம் என்னும் கருத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதல் மாறினால் பண் மாறும்

ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு ஆயர்மகளிரை வட்டமாக நிறுத்தி, குரல் முதல் தாரம் வரையிலான ஏழு பெயர்களையும் அவர்களுக்குச் சூட்டுகிறாள். குரலாக நின்றவள் மாயவன்; இளியாக நின்றவள் அவன் தமையன் பலதேவன்; துத்தமாக நின்றவள் நப்பின்னை. முதற்சுரம் கண்ணன் என்றால் ஐந்தாம் சுரம் அவன் உடன்பிறந்தான். மதுரைக்குள் கோவலனுக்கு நேர்ந்தது அறியாமல், தீக்குறிகளைக் கண்டு அஞ்சிய ஆயர் ஆடிய கூத்தில் இத்துணை நுட்பமான இசையிலக்கணம் பொதிந்துள்ளது.

இவ்வட்டத்தில் எந்தப் பெண்ணை முதலாகக் கொள்கிறோமோ அதற்கேற்பப் பாலை மாறும். குரல் முதலானால் செம்பாலை. துத்தம் முதலானால் படுமலைப்பாலை. கைக்கிளை முதலானால் செவ்வழிப்பாலை. உழை முதலானால் அரும்பாலை. இளி முதலானால் கோடிப்பாலை. விளரி முதலானால் விளரிப்பாலை. தாரம் முதலானால் மேற்செம்பாலை. செம்பாலையை இன்றைய அரிகாம்போதியாகக் கொண்டால், மற்ற ஆறும் முறையே நடபைரவி, இருமத்திமத் தோடி, சங்கராபரணம், கரகரப்பிரியா, தோடி, கல்யாணி என அமையும். நரம்பு ஒன்றையும் மாற்றவில்லை; முதல் எது என்பதை மட்டுமே மாற்றினோம். ஏழு வேறு உலகங்கள் பிறந்துவிட்டன. அடிச்சுரம் என்பது ஒரு தனி ஒலியன்று, அது ஓர் உறவின் பெயர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இங்கே மற்றொன்றையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசையைப் பழைய இசைநூலார் கூறியுள்ளனர். தாரத்தில் உழை பிறக்கும், உழையில் குரல், குரலில் இளி, இளியில் துத்தம், துத்தத்தில் விளரி, விளரியில் கைக்கிளை. ஒவ்வொன்றும் முந்தியதற்குப் பஞ்சமமாக நிற்கும் தொடர் இது. இப்போது செம்பாலையின் ஏழு நரம்புகளை மட்டும் கொண்டு, ஒவ்வொரு நரம்பின்மீதும் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரங்களை அடுக்கிச் சுரக்கூட்டு அமைப்போம். தாரம், உழை, குரல் என்னும் மூன்றின்மீது எழுபவை பெருஞ்சுரக்கூட்டுகள். இளி, துத்தம், விளரி என்னும் மூன்றின்மீது எழுபவை சிறுசுரக்கூட்டுகள். கடைசியில் பிறந்த கைக்கிளையின்மீது மட்டும் பஞ்சமம் அமையாத குறைக்கூட்டு எழுகிறது. செவ்வழிப்பாலைக்கு நேரான இருமத்திமத் தோடி இன்றைய மேளகர்த்தா வரிசையில் இடம்பெறாமைக்கும் இதுவே காரணம். அதற்குப் பஞ்சமம் இல்லை.

பிறப்பு வரிசையில் முதல் மூவர் பெருங்கூட்டு, நடு மூவர் சிறுகூட்டு, கடையர் குறைக்கூட்டு! கிட்டார் கற்போர் முதலில் பழகும் மூன்று கூட்டுகள் சட்சம், மத்திமம், பஞ்சமம் ஆகியவற்றின்மீது எழுவன. அரும்பாலையாகிய சங்கராபரணத்தில் அவை மூன்றும் நம் உழை, தாரம், குரல் என்பனவே. பழையோர் இக்கூட்டுகளை ஒருசேர மீட்டினர் என்று நான் கூறவில்லை. அவர்கள் வகுத்த பிறப்பு முறையில் இவ்வொழுங்கு தானே அமைந்து கிடக்கிறது என்பதே என் கருத்து.

தம்புரா பாடும் காந்தாரம்

சுரக்கூட்டு மாந்தர் கற்பனையா, இயற்கையில் உள்ளதா? தம்புராவின் நான்கு தந்திகளும் பஞ்சமம், சட்சம், சட்சம், மந்தர சட்சம் என்று கூட்டப்படும். காந்தாரத்துக்கென்று தந்தி இல்லை. எனினும் நன்கு சுருதி சேர்ந்த தம்புராவை மீட்டிக் கண்ணை மூடிக் கேட்டால், மந்தரத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் மெல்ல எழுந்து வருவதைக் கேட்கலாம். நம் இசைவாணர் இதனைச் சுயம்புக் காந்தாரம் என்பர். தானே தோன்றியது என்று பொருள்.

அறிவியல் இதனை எளிதில் விளக்குகிறது. ஒரு தந்தி அதிரும்போது முழு நீளமாகவும், இரண்டாகவும், மூன்றாகவும், நான்காகவும், ஐந்தாகவும் பகுபட்டும் ஒரே வேளையில் அதிர்கிறது. மூன்றாம் பகுப்பு பஞ்சமத்தையும், ஐந்தாம் பகுப்பு அந்தர காந்தாரத்தையும் தருகின்றன. நான்கு, ஐந்து, ஆறு என்னும் எண்களின் விகிதமே பெருஞ்சுரக்கூட்டு. ஆகவே அக்கூட்டு ஒரே சட்சத்துள் அடங்கியிருக்கிறது. அடிச்சுரம் தாய் என்றால் அவள் மடியிலேயே மற்ற இரண்டும் இருக்கின்றன.

இவ்வுண்மையை நோக்கிக் கிழக்கும் மேற்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்துள்ளன. விசயநகரத்து இராமாமாத்தியர் தம் சுரமேளகலாநிதியை இயற்றியது 1550-ஆம் ஆண்டில். வீணையில் தாமே எழும் சுரங்களைச் சுயம்பு என்று அவர் குறித்தார். வெனிசு நகரத்துச் சார்லினோ மூன்றாம் சுரத்தை 5-க்கு 4 என்னும் விகிதத்தால் இன்னொலி என நிறுவிய நூலை வெளியிட்டது 1558-ஆம் ஆண்டில். பிரெஞ்சு நாட்டு இராமோ 1722-இல் எழுதிய நூலில், கூட்டின் சுரங்கள் எவ்வாறு இடம் மாறினும் அதன் அடிச்சுரம் ஒன்றே என்னும் கொள்கையை நிலைநாட்டினார். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் அடிச்சுரக் கோட்பாட்டின் தொடக்கம் அதுவே.

இரு வழிகள்

எனின், இரு மரபுக்கும் வேற்றுமை யாது? மேலையார் சட்சத்துள் மறைந்திருந்த காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் வெளியே எடுத்து, தனித்தனிக் குரல்களாக நிறுத்தினர். பின்னர் அடிச்சுரத்தையே பாடலின் ஊடே அடிக்கடி நகர்த்தினர். ஒரு வரி பாடி முடிப்பதற்குள் அடி மூன்று முறை மாறக்கூடும். அடி அகன்று போய் மீண்டும் வீடு திரும்பும் நிறைவே அவ்விசையின் இன்பம்.

நம்மவரோ அடியை அசைக்கவில்லை. நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவோர் ஒரே சுரத்தை இடைவிடாது ஊதி நின்றனர். இன்று ஒத்தின் இடத்தைப் பெரும்பாலும் சுருதிப்பெட்டி பிடித்துக் கொண்டது; ஆயினும் நெறி அதுவே. அசையாத அடியின்மீது சுரம் ஒவ்வொன்றும் அசைந்தும் வளைந்தும் தன் உறவை வெளிப்படுத்துகிறது. கமகம் என்னும் அந்நுண்மைக்கு அசையாத அடி இன்றியமையாதது. பழந்தமிழர் பாலை திரித்தபோது அடியை மாற்றினர் என்பது உண்மையே. ஆனால் அது பண்ணுக்குப் பண் நிகழ்ந்த மாற்றம். வரிக்கு வரி நிகழ்ந்த மாற்றமன்று. இதனை உணராமல் ஒன்றை மற்றொன்றின் குறைவடிவமாகக் கருதுவது இரண்டுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

சந்தித்த இடங்கள்

இவ்விரு வழிகளும் சந்தித்த வரலாறு தமிழ்நாட்டில் தஞ்சையிலும் சென்னையிலும் தொடங்குகிறது. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் அரண்மனையில் மேலைநாட்டு இசைக்கருவிகளுக்கு இடமளித்தார். முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்த காலத்தில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு, அம்மெட்டுகளுக்குச் சாகித்தியம் அமைத்தார். நோட்டுச்சுர சாகித்தியங்கள் எனப்படும் அவை ஏறத்தாழ 40 உள்ளன, அனைத்தும் சங்கராபரணம். கமகம் இன்றி, சட்சம், காந்தாரம், பஞ்சமம் எனத் தாவித் தாவிச் செல்லும் நடையைப் பலவற்றில் கேட்கலாம். சுரக்கூட்டை ஒருசேர ஒலிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடுவது போன்றது அது. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் இசைக்குரியதாக்கினார். இன்று வயலின் இன்றிக் கச்சேரி உண்டோ?

சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய ஏ. எம். சின்னசாமி முதலியார் 1893-இல் கீழைநாட்டு இசையை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் அச்சிட்டு வெளியிட்டார். கோப்புகளிடையே வாழ்ந்த ஒருவர் தம் ஓய்வு நேரத்தையும் பொருளையும் இசைக்கு ஈந்த இச்செய்தி, என்போன்ற எழுத்தர்க்குப் பெருமிதம் தருவதாகும்.

சாம்பவர் வடகரையில் 1859-இல் பிறந்து, தஞ்சையில் சித்த மருத்துவராகப் புகழ்பெற்ற ஆபிரகாம் பண்டிதர் இரு மரபையும் அறிந்தவர். 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாசன சங்கத்தை நிறுவி, இசை மாநாடுகளைத் தம் செலவிலேயே நடத்தினார். 1917-இல் வெளிவந்த அவர்தம் கருணாமிர்த சாகரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்டது. குரல், இளி, வட்டப்பாலை, இணை, கிளை ஆகிய சொற்கள் ஏட்டிலிருந்து எழுந்து மீண்டும் இசை மேடைக்கு வந்தது அவரால்தான். அவர் கண்ட முடிவுகளுள் சிலவற்றைப் பின்வந்தோர் மறுத்துள்ளனர். அவர் எழுப்பிய வினாக்களை மறுத்தவர் எவருமிலர். 1919-இல் அவர் மறைந்தார்.

ஈழத்துக் காரைதீவில் தோன்றிய விபுலானந்த அடிகள் அறிவியலும் கணிதமும் கற்றவர். அடிகளின் யாழ் நூல் 1947-ஆம் ஆண்டு சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். பின்னர் டாக்டர் எஸ். இராமநாதன், வீ. ப. கா. சுந்தரம் முதலிய அறிஞர் இத்துறையை வளர்த்தனர். அறிஞர் ஏட்டில் கண்டது ஒருபுறமிருக்க, சுரக்கூட்டின் சுவையை ஊர்தோறும் உணர்த்தியது திரைப்பாடலே. தன்ராசு மாசுடரிடம் மேலையிசை பயின்ற இளையராசா, 1976-இல் வெளிவந்த அன்னக்கிளி முதலாக, கிராமத்து மெட்டின் கீழே நகரும் அடிச்சுரங்களை இழைத்துக் காட்டினார். கேட்டவர்க்கு இலக்கணம் தெரியாது. ஆனால் செவி அறிந்து கொண்டது.

நம் கருநாடக மண்ணுக்கும் இதில் பங்குண்டு. மைசூர் அரண்மனையில் கருநாடக இசைக்கும் ஆங்கில இசைக்கும் தனித்தனி வாத்தியக் குழுக்கள் இருந்தன. 1974-இல் மறைந்த சயசாமராசேந்திர உடையார் கருநாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியவர். அவரே மேலையிசையையும் முறையாகப் பயின்றவர். உருசிய இசைப்புலவர் மெட்னரின் படைப்புகள் 1940-களின் இறுதியில் இசைத்தட்டுகளாக வெளிவரப் பொருளுதவி செய்தவரும் அவரே. இனி, பெங்களூரில் 1809-இல் ஆங்கிலேயர் தண்டு அமைந்தபோது, படைவீரராகவும் வணிகராகவும் தொழிலாளராகவும் தமிழர் இங்கே வந்து குடியேறினர். படையின் பேண்டு ஒலியும், தேவாலயத்தில் நான்கு குரல்களாய்ப் பாடப்படும் பாமாலையும், கோயில் நாகசுரமும் அன்றே இவர்தம் செவியில் கலந்தன. சுரக்கூட்டு இத்தண்டுப் பகுதித் தமிழர்க்கு நேற்று வந்த விருந்தாளியன்று.

நாம் செய்யத்தக்கது

ஆராய்ச்சியின் பயன் பெருமை பேசுவதோடு முடிந்துவிடக் கூடாது. எல்லாம் எம்மிடம் இருந்தன என்பது சோம்பலின் சொல்; எதுவும் எம்மிடம் இல்லை என்பது அறியாமையின் சொல். அடிச்சுரத்தை அறிந்து, அதனின்று உறவுகளை எண்ணி அளந்து, அவற்றுக்கு உயிருள்ள பெயர்களையும் இட்டவர் நம் முன்னோர். அவ்வுறவுகளைக் கூட்டொலியாக விரித்துக் காட்டியவர் மேலையார். இரண்டையும் பெறும் பேறு நம் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது.

தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் தமிழ் வகுப்புகளில் வாரம் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். ஓர் ஆர்மோனியமும் ஒரு கரும்பலகையும் இருந்தால் வட்டப்பாலையை வரைந்து, ஏழு சிறுமியரை வட்டமாக நிறுத்தி, முதலை மாற்ற மாற்றப் பண் மாறுவதைக் காட்டிவிடலாம். கிட்டார் பயிலும் இளைஞரையும் அழைத்து, அவர் மீட்டும் மூன்று கூட்டுகளும் உழை, தாரம், குரல் ஆகியவற்றின்மீது எழுபவை என்று சொல்லிப் பார்க்கலாம். பயிற்றுமொழி வேறாகி, தமிழை வீட்டு மொழியாக மட்டும் அறிந்து வளரும் இந்நகரத்துப் பிள்ளைகளுக்கு, தமிழ் கணக்கும் பேசும், அறிவியலும் பேசும் என்று உணர்த்த இதனினும் எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.

முதற்சுரத்துக்கு உலகில் எத்தனையோ பெயர்கள் உள்ளன. சிலர் வேர் என்றனர். சிலர் ஆதாரம் என்றனர். தமிழர் மட்டும் அதனைக் ‘குரல்’ என்றனர். பாடுவோன் தன் மிடற்றில் இயல்பாய் எடுக்கும் ஒலியே முதல். மற்றவை அனைத்தும் அதன் சுற்றம். அப்பெயரை நம் பிள்ளைகள் வழக்கில் மீண்டும் கேட்கும் நாள் வருவதாக!